கூரைப் பீலி கொழுவ எந்த ஆணி, எந்த ஸ்குரூ? மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

கூரைத் தண்ணீரைப் பிடிக்கிற பீலி வாங்க ஹாட்வெயார் கடைக்குப் போகிறவர்கள் அதன் நிறம், தடிப்பு, கம்பனி எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஸ்குரூ என்று வந்ததும் "அதுக்கேத்த மாதிரி ஒரு பக்கெற் போட்டு விடுங்க" என்று சொல்லிவிட்டு ஓட்டோவைத் தேடப் போய்விடுவார்கள். மாரி முடிந்தபிறகு எந்த ஊருக்குள்ளும் ஒரு நடை போய்ப் பாருங்கள். தொங்கிக்கொண்டு கிடக்கிற பீலிகளில் பெரும்பாலும் பீலிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு வீட்டில் ஸ்குரூ துருவேறித் தலை அறுந்திருக்கும். இன்னொரு வீட்டில் அது பலகையோடு சேர்ந்தே கழன்று வந்திருக்கும். வேறொரு வீட்டில் கம்பியாணி அரைவாசி வெளியே வந்து, பீலியைத் தாங்குகிற பிறக்கட் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும்.

முதலில் பாரத்தைப் பற்றி ஒரு கணக்கு. அரைவட்ட வடிவில் 5 அங்குல அகலமான பீலி நிரம்பி நின்றால் ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 6 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். 30 அடி நீளத்துக்கு அது 54 லீற்றர். ஒரு மூட்டை சீமெந்தைத் தாழ்வாரத்தில் கட்டித் தொங்கவிட்ட பாரம் அது, அதற்கும் கொஞ்சம் கூட. பெட்டி வடிவப் பீலி என்றால் இன்னும் கூடும். வாய் அடைபடாத பீலி முழுதாக நிரம்பாது என்பது சரிதான். ஆனால் கார்த்திகை, மார்கழியில் வேப்பிலையும் மாவிலையும் சேர்ந்து, தண்ணீரைக் கீழே இறக்குகிற டவுன் பைப்பின் வாயை அடைக்காத வீடு நம் பக்கத்தில் எத்தனை இருக்கிறது? பீலி அடைபட்டு நிற்கிற நாளில் தாங்குவதற்குத்தான் ஸ்குரூ தெரிவுசெய்ய வேண்டும்.

தெரிவுசெய்யும்போது மூன்று கேள்விகளை இந்த ஒழுங்கில் கேளுங்கள்: ஸ்குரூ எதற்குள் இறங்கப்போகிறது? வீட்டுக்கு உப்புக்காற்று எவ்வளவு வருகிறது? பீலி என்ன பொருளால் ஆனது? பலர் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறார்கள், அல்லது மூன்றாவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

முதலாவது: ஏணியில் ஏறித் தாழ்வாரத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கடைக்குப் போகமுதல் செய்ய வேண்டிய வேலை இது. கீழே நின்று பார்த்தால் வலன்ஸ் போர்ட், அதாவது கூரை விளிம்பை மூடி முன்னால் அடித்த பலகை, மட்டும்தான் தெரியும். அதற்குப் பின்னால் கூரையைச் சரிவாகத் தாங்குகிற கைமரம் இருக்கிறதா, எத்தனை அடிக்கு ஒன்று, அது மரமா இரும்பா என்பது மேலே ஏறினால்தான் தெரியும். ஏறும்போது மின்சாரசபைக் கம்பி வீட்டுக்குள் இறங்குகிற மூலையை விட்டுத் தள்ளி ஏணியைச் சாத்துங்கள். அலுமினிய ஏணி என்றால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

பழைய ஓட்டு வீடுகளில் கைமரம் நெருக்கமாக இருக்கும். பீலி தாங்குவதற்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை. அங்கே மிகவும் உறுதியான முறை, பட்டை இரும்பை வளைத்துச் செய்த பிறக்கட்டைக் கைமரத்தின் பக்கவாட்டில் அறைவது. காரணம் இதுதான். பக்கவாட்டில் இறங்கிய ஸ்குரூவைப் பாரம் குறுக்கே அழுத்தும். ஸ்குரூ முறிந்தாலொழிய பிறக்கட் விழாது. முன்பக்கம் வலன்ஸ் போர்ட்டில் இறக்கிய ஸ்குரூவையோ பாரம் முன்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். இழுவையில் ஸ்குரூ முறியத் தேவையில்லை, மரம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலே போதும்.

கைமரத்தின் வெட்டுமுனைக்குள், அதாவது மரத்தின் ஓட்டம் போகிற திசையிலேயே, கம்பியாணி அடிப்பதைத் தவிருங்கள். மரத்தின் நார்கள் ஆணிக்கு இணையாக நிற்பதால் பிடிமானம் மிகக் குறைவு. ஸ்குரூவும் அங்கே பக்கவாட்டில் பிடிப்பதுபோல் பிடிக்காது. அதனால் நீளம் கூட்ட வேண்டும்.

கைமரம் பனையா, தென்னையா, முதிரையா என்பதும் முக்கியம். பனையிலும் தென்னையிலும் வெளிச்சுற்று வைரம், உள்ளே சோறு. வைரத்தில் இறங்கிய ஸ்குரூ உங்களைவிடக் கூடக் காலம் இருக்கும். சோற்றுப் பக்கம் இறங்கினால் ஒரு மாரிக்கும் தாங்காது. அறுத்த பனைமரத்தில் கறுப்பு நார் நெருக்கமாக ஓடுகிற முகத்தைத் தேடி அதில் இறக்குங்கள். நார் ஐதாகவும் நிறம் வெளிறியும் இருக்கிற முகம் வேண்டாம். முதிரை, பாலை போன்ற வைரமரத்தில் துளை போடாமல் ஸ்குரூ முடுக்கினால் ஒன்றில் தலை அறும், இல்லாவிட்டால் மரம் வெடிக்கும்.

அடுத்து வலன்ஸ் போர்ட். மரப்பலகை என்றால் பெரும்பாலும் முக்கால் அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை தடிப்பு இருக்கும். பலகை உக்கியிருக்கிறதா என்று ஸ்குரூ ட்றைவரின் முனையால் நாலைந்து இடத்தில் குத்திப் பாருங்கள், குறிப்பாகக் கீழ் விளிம்பிலும் பொருத்துகளிலும். முனை இலேசாக இறங்கினால் அந்தத் துண்டை மாற்றிவிட்டுத்தான் பீலி. உக்கல் பலகைக்கு ஏற்ற ஸ்குரூ என்று ஒன்று இல்லை.

இப்போது பல வீடுகளில் மரத்துக்குப் பதிலாகச் சீமெந்து நார்ப் பலகையோ பிளாஸ்ரிக் பலகையோ அடித்திருக்கிறார்கள். பார்வைக்கு நல்லது, கறையான் அரிக்காது. ஆனால் அவை பாரம் தாங்குவதற்கு அல்ல, முகத்தை மூடுவதற்கு. அவற்றில் மட்டும் பிறக்கட்டை அறைந்தால் முதல் பெருமழையில் துளை பெருத்துவிடும். ஸ்குரூ பலகையைக் கடந்து கைமரத்துக்குள் போக வேண்டும். கைமரம் தூரத் தூர இருந்தால், இரண்டு கைமரங்களுக்கும் நடுவே பலகையின் பின்னால் 2 அங்குலத்துக்கு 2 அங்குலக் கட்டை ஒன்றை வைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ஓடாவியாருக்கு அரைநாள் வேலை. "அதெல்லாம் தேவல்ல மனே" என்று அவர் சொன்னாலும் விடாதீர்கள்.

இரும்புக் கூரை, அதாவது பொக்ஸ் பார் அல்லது சி பார் என்றால் தனக்குத்தானே துளைபோட்டு இறங்குகிற ஸ்குரூ வேண்டும். நுனி சின்ன ட்றில் பிற் போலவே இருக்கும், தலை ஆறு மூலை, அடியில் றப்பர் வொஷர். மரத்துக்கான ஸ்குரூவின் புரி அகலமானது. மெல்லிய இரும்பில் அது பிடிக்காது. தகடு போன்ற மெல்லிய இரும்பில் முடுக்கும்போது ட்றில்லின் வேகத்தைக் குறையுங்கள். ஒரு சுற்றுக் கூடினாலும் புரி அறுந்து ஸ்குரூ சும்மா சுற்றும். பிறகு அந்தத் துளை எதற்கும் உதவாது.

கொங்கிறீற் விளிம்பு அல்லது சுவர் என்றால் றோல் பிளக், அதாவது துளைக்குள் செருகி ஸ்குரூவைப் பிடிக்க வைக்கிற பிளாஸ்ரிக் துண்டு. இங்கே நடக்கிற தவறு ஒன்றுதான்: பிளக் சாந்துப் பூச்சுக்குள்ளேயே நின்றுவிடுவது. பூச்சு அரை முதல் முக்கால் அங்குலம் இருக்கும். பிளக் முழுதும் அதைக் கடந்து கொங்கிறீற்றுக்குள் போக வேண்டும். 8 மில்லிமீற்றர்ப் பிளக்கில் 10 அல்லது 12ஆம் நம்பர் ஸ்குரூ, 6 மில்லிமீற்றர்ப் பிளக்கில் 8ஆம் நம்பர் (நம்பர் என்பது ஸ்குரூவின் தடிப்பு). பிறக்கட்டின் தடிப்பு, பூச்சு, பிளக்கின் நீளம் மூன்றையும் கூட்டினால் பொதுவாக இரண்டரை அங்குல ஸ்குரூவில் வந்து நிற்கும். துளையைப் பிளக்கைவிட ஒரு சென்ரிமீற்றர் ஆழமாகப் போட்டு, உள்ளே கிடக்கிற தூளை ஊதி எடுத்துவிட்டுப் பிளக்கை இறக்குங்கள். கொங்கிறீற் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அங்குலமாவது தள்ளித் துளை போடாவிட்டால், முடுக்கும்போது விளிம்பு உடைந்து விழும். உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல்லில் சாதாரணப் பிளக் பிடிக்காது. பொள்ளல் கல்லுக்கென்று உள்ளே விரிந்து பிடிக்கிற வகை இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

அஸ்பெஸ்ரஸ் சீற் கூரைக்காரருக்குத் தனியாக ஒரு சொல். சீற்றைச் சிலாகையோடு பிடித்திருக்கிற கொக்கி ஆணியில் பீலிப் பிறக்கட்டையும் சேர்த்து முடுக்குகிற வழக்கம் அங்கங்கே இருக்கிறது. செய்யாதீர்கள். அந்த ஆணி சீற் பறக்காமல் இருப்பதற்கு. பீலியின் பாரம் சீற்றின் விளிம்பில் ஏறினால் விளிம்பு வெடிக்கும். சீற்றில் துளை போட்டே ஆகவேண்டிய நிலை வந்தால் கிறைண்டர் வேண்டாம். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, மாஸ்க் போட்டுக்கொண்டு, கைத் துளைக்கருவியால் மெதுவாகப் போடுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாதது. விழுந்த தூளைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இரண்டாவது: கடல் எவ்வளவு கிட்ட?

வாவிக்குக் கிழக்கே கடற்பக்கமாக எழுவான்கரையில் இருப்பவருக்கும், மேற்கே படுவான்கரையில் இருப்பவருக்கும் ஒரே ஸ்குரூ பொருந்தாது. கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, நிந்தவூர், திருக்கோவில் என்று கடலோரமாக இறங்கி வருகிற ஊர்களில், ஒரு பக்கம் கடல், பல இடங்களில் மறுபக்கம் உவர்நீர் வாவி. மாரிக் காலத்து வடகீழ்க் காற்று கடலிலிருந்து நேரே வீட்டு முகத்துக்கு வருகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். ஈரமும் உப்பும் சேர்ந்த இடத்தில் இரும்பு நிற்காது.

பலருக்குத் தெரியாத ஒன்று: மழை நேரே படுகிற இரும்பைவிட, தாழ்வாரத்துக்கு அடியில் மழை படாமல் ஒளிந்திருக்கிற இரும்புதான் சில வேளை வேகமாகத் துருவேறும். வெளியே இருப்பதன் உப்பை மழை கழுவிவிடுகிறது. அடியில் இருப்பதில் உப்பு படிந்துகொண்டே போகும், கழுவ ஆளில்லை. பிறக்கட் ஸ்குரூ நிற்பது அப்படியான இடத்தில்தான்.

கடையில் கிடைக்கிறவற்றை இப்படிப் பிரித்துப் பாருங்கள்.

மஞ்சளாகவோ பளபளவென்று வெள்ளையாகவோ மினுங்குகிற சாதாரண ஸ்குரூவில் துத்தநாகப் பூச்சு இருக்கும். ஆனால் மின்முலாமாகப் பூசிய அந்தப் பூச்சின் தடிப்பு பொதுவாக 5 முதல் 8 மைக்ரோன்தான். வீட்டுக்குள் அலுமாரி அடிக்க நல்லது. கறுப்பு நிறத்தில் வருகிற ஸ்குரூ சீலிங் பலகைக்கு உரியது, அதை வெளியில் போடவே கூடாது. பீலியோடு பக்கெற்றில் சேர்ந்து வருகிற ஸ்குரூக்களும் பல வேளை இந்த மெல்லிய முலாம் வகைதான். இலவசமாகக் கிடைத்தது என்று பாவிக்காமல், அவற்றை வீட்டுக்குள் வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த கல்வனைஸ் வகை மங்கலான சாம்பல் நிறத்தில், தொட்டால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். பூச்சு 40 மைக்ரோனுக்கு மேல் வரும். செங்கலடிக்கு மேற்கே, வவுணதீவு, உன்னிச்சை, அம்பாறை நகர்ப்பக்கம் போன்ற உள்ளூர்களுக்கு இது போதும். காசும் கட்டுப்படியாகும்.

கடற்கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீற்றருக்குள், அல்லது வாவிக்கரையிலேயே வீடு என்றால் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல். அதிலும் 304, 316 என்று இரண்டு வகை. 316 இல் மொலிப்டினம் என்ற உலோகம் 2 முதல் 3 சதவீதம் சேர்ந்திருப்பதால் உப்பை அது கூடுதலாகத் தாங்கும். பெட்டியில் ஏ4 என்று போட்டிருந்தால் 316 வகை, ஏ2 என்றால் 304 வகை. கடல் கண்ணுக்குத் தெரிகிற வீட்டுக்கு 316 வாங்குங்கள். ஒரு தெரு உள்ளே தள்ளி என்றால் 304 போதும்; மண்ணிறக் கறை கொஞ்சம் வரலாம், பலம் போகாது.

கடையில் பேச்சு இப்படிப் போக வேண்டும்:

"காக்கா, பீலிப் பிறக்கட்டுக்கு ஸ்குரூ வேணும்."

"எத்தின இஞ்சி தம்பி?"

"ரெண்டரை, பத்தாம் நம்பர். ஸ்ரெயின்லெஸ். பெட்டியோட காட்டுங்க, நம்பர் பாக்கணும்."

பெட்டி இல்லாமல் சில்லறையாக அள்ளித் தந்தால் சின்னக் காந்தம் ஒன்றை வைத்துப் பாருங்கள். 304, 316 இரண்டும் காந்தத்தில் ஒட்டாது, அல்லது மிக இலேசாக இழுபடும். கப்பென்று ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு, அல்லது 410 என்கிற மலிவான ஸ்ரெயின்லெஸ் வகை. 410 பெயரில் ஸ்ரெயின்லெஸ்தான், ஆனால் கடலோரத்தில் துருவேறும். இரும்பில் துளைத்து இறங்குகிற ஸ்ரெயின்லெஸ் ஸ்குரூக்களில் பல இந்த வகை என்பதையும் மனதில் வையுங்கள். 304க்கும் 316க்கும் உள்ள வேறுபாட்டைக் காந்தம் காட்டாது. அதற்குப் பெட்டியை நம்புவதைத் தவிர வழியில்லை.

விலை கேட்டதும் முகம் சுளிக்கும். கணக்கைப் பாருங்கள்: இரண்டு பக்கமும் 30 அடி வீதம் பீலி போடுகிற வீட்டுக்கு ஏறத்தாழ 40 பிறக்கட் வரும், பிறக்கட்டுக்கு இரண்டு அல்லது மூன்று ஸ்குரூ. மொத்தம் 80 முதல் 120. பீலிக்கும் கூலிக்கும் போகிற காசில் இது பெரிய துண்டு இல்லை. மிச்சம் பிடிக்க வேண்டுமானால் டவுன் பைப்பின் கிளிப்பில் பிடியுங்கள். அது கைக்கெட்டுகிற உயரத்தில் இருக்கிறது, எப்போதும் மாற்றலாம்.

மூன்றாவது: பீலியும் ஸ்குரூவும் ஒத்துப்போக வேண்டும்

பிளாஸ்ரிக் பீலிக்கு முதல் விதி: பீலியின் உடம்பில் ஸ்குரூ இறக்காதீர்கள். வெயிலில் பிளாஸ்ரிக் நீளும், இரவில் சுருங்கும். 20 அடி நீளத் துண்டு காலைக்கும் மதியத்துக்கும் 30 பாகை வேறுபட்டால் ஒரு சென்ரிமீற்றர் அளவு நீளும். அதை ஸ்குரூவால் கட்டிவைத்தால் துளையைச் சுற்றி வெடிக்கும், அல்லது பீலி பாம்பாக நெளியும். ஸ்குரூ பிறக்கட்டுக்கு மட்டும். பீலி பிறக்கட்டுக்குள் அசைய விடுங்கள். பொருத்துத் துண்டுகளின் உள்ளே எதுவரை பீலி போக வேண்டும் என்று கோடு போட்டிருப்பார்கள், அந்த இடைவெளியை விட்டே கொழுவுங்கள்.

கல்வனைஸ் தகட்டுப் பீலியில் கல்வனைஸ் பிறக்கட், கல்வனைஸ் ஸ்குரூ என்று ஒரே இனமாக வைத்துக்கொள்வது நல்லது. கடலோரத்தில் ஸ்ரெயின்லெஸ் ஸ்குரூவை இத்தகட்டோடு நேரே தொடவிட்டால், உப்பீரம் பட்ட இடத்தில் தகட்டின் துத்தநாகம் முதலில் கரையும். மரத்துக்குள் இறங்கும் ஸ்குரூ ஸ்ரெயின்லெஸ்ஸாக இருக்கட்டும், ஆனால் பிறக்கட்டுக்கும் தலைக்கும் நடுவே றப்பர் அல்லது நைலோன் வொஷர் போடுங்கள். அலுமினியப் பீலிக்கு ஸ்ரெயின்லெஸ் பொருந்தும், அதற்கும் வொஷரோடு. பித்தளை ஸ்குரூவை அலுமினியத்திலோ கல்வனைஸிலோ போட வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

தகட்டுத் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்க்க றிவெட் அடிக்கலாம். பாரம் தாங்க றிவெட்டை நம்பக்கூடாது. பொருத்தில் சிலிக்கன் பூசுகிறீர்கள் என்றால் வினாகிரி மணக்கிற வகை வேண்டாம். அதில் வெளிவருகிற அமிலம் கல்வனைஸை அரிக்கும். மணமில்லாத நடுநிலை வகை கேட்டு வாங்குங்கள்.

ஆணியா, ஸ்குரூவா? எத்தனை நீளம்?

ஆணி வேண்டாம். மரம் மாரியில் ஊதும், கச்சான் காற்று அடிக்கிற கோடையில் காய்ந்து சுருங்கும். ஒவ்வொரு சுற்றிலும் வழவழப்பான கம்பியாணி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். அடித்து உள்ளே தள்ளினால் அதே துளையில் இன்னும் இளகும். ஸ்குரூவின் புரி மரத்தைப் பற்றி நிற்பதால் அப்படி வராது. பட்டை இரும்புப் பிறக்கட்டைக் கைமரத்தின் பக்கத்தில் அறையும்போது மட்டும், ஓடாவியார் பிடிவாதமாக ஆணிதான் என்றால் விட்டுக்கொடுக்கலாம், முறுக்கிய உடம்புள்ள கல்வனைஸ் ஆணியாக இருந்தால்.

தடிப்புக்கு 10ஆம் நம்பர், அதாவது ஏறத்தாழ 4.8 மில்லிமீற்றர், நல்ல அளவு. 8ஆம் நம்பர் 4.2 மில்லிமீற்றர், சிறிய பீலிக்குச் சமாளிக்கும். நீளத்தைக் கூட்டிப் பாருங்கள்: பிறக்கட் 4 மில்லிமீற்றர், வலன்ஸ் பலகை 20 மில்லிமீற்றர், கைமரத்துக்குள் குறைந்தது 35 மில்லிமீற்றர். மொத்தம் 59. ஆகவே 63 மில்லிமீற்றர், அதாவது இரண்டரை அங்குலம். பலகை மட்டுமே இருக்கிற இடத்தில் நீள ஸ்குரூ போட்டுப் பயனில்லை. பலகையின் முழுத் தடிப்பையும் புரி பிடித்து நுனி சற்றே பின்னால் தெரிந்தால் போதும்.

தலையின் அடிப்பக்கம் தட்டையாக, அல்லது வொஷரோடு அகலமாக இருக்க வேண்டும். கதவுப் பிணைச்சலுக்குப் போடுகிற கூம்புத் தலை ஸ்குரூ பிளாஸ்ரிக் பிறக்கட்டின் துளையை ஆப்புப் போல விரித்து உடைத்துவிடும்.

பிறக்கட்டின் இடைவெளி

60 சென்ரிமீற்றருக்கு ஒன்று என்று பிளாஸ்ரிக் பீலிக்குப் பரவலாகச் சொல்வார்கள். நம் மாரிக்கும் மரநிழலுக்கும் 45 முதல் 50 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். மூலை, பொருத்து, டவுன் பைப் வாய் ஆகிய இடங்களில் இரு பக்கமும் 15 சென்ரிமீற்றருக்குள் ஒவ்வொன்று. தென்னை ஓலை விழுகிற பக்கம் இன்னும் நெருக்கமாகப் போடலாம். முழு மட்டை விழுந்தால் எந்தப் பிறக்கட்டும் நிற்காது, அதற்கு மரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

காற்றையும் மறக்க வேண்டாம். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட மட்டக்களப்பு மூத்தவர்களிடம் கூரை எப்படிப் போகும் என்று கேட்டால் சொல்வார்கள்: காற்று அடியில் நுழைந்து மேலே கிளப்பும். பாரத்துக்கு ஸ்குரூ கீழ்நோக்கித் தாங்குகிறது, காற்றுக்கு மேல்நோக்கித் தாங்க வேண்டும். பிறக்கட்டின் முன் உதட்டில் பீலியைப் பூட்டுகிற கிளிப் இருந்தால் ஒன்றையும் விடாமல் பூட்டுங்கள். ஒரு பிறக்கட்டுக்கு ஒரே ஸ்குரூ என்றால் அது அச்சாகிப் பிறக்கட் சுழலும்; குறைந்தது இரண்டு.

கொழுவுகிற வேலை

ஆவணி, புரட்டாதியில் வேலையை முடித்துவிடுங்கள். மரம் காய்ந்திருக்கும், ஐப்பசி இடிமழைக்கு முன் சோதித்துப் பார்க்கவும் நாள் கிடைக்கும்.

டவுன் பைப் இருக்கிற முனையை நோக்கி மீற்றருக்கு 5 மில்லிமீற்றர் இறக்கம் கொடுக்க வேண்டும். 9 மீற்றர் நீளத்துக்கு 45 மில்லிமீற்றர். வலன்ஸ் போர்ட்டையோ ஓட்டு விளிம்பையோ மட்டம் என்று நம்பாதீர்கள், பழைய வீடுகளில் அது எங்காவது தொய்ந்திருக்கும். தெளிவான பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனையிலும் மட்டம் பிடியுங்கள். மேசன்மார் அத்திவாரத்துக்குப் பிடிக்கிற அதே முறைதான். பிறகு உயர் முனையிலும் தாழ் முனையிலும் ஒவ்வொரு பிறக்கட்டைப் பிடித்து, நடுவே நூல் கட்டி, மற்றவற்றை நூலைத் தொட்டு அறையுங்கள்.

ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் முன்துளை போடுங்கள். 10ஆம் நம்பருக்கு மெது மரத்தில் 3 மில்லிமீற்றர் பிற், பனை, முதிரை போன்றவற்றில் 3.5. புரியில் கொஞ்சம் சவர்க்காரம் அல்லது மெழுகு தேய்த்தால் இலகுவாக இறங்கும். ஸ்ரெயின்லெஸ் இரும்பைவிட மெதுமையானது, முரட்டுத்தனமாக முடுக்கினால் கழுத்தில் அறும். கடைசி இரண்டு மூன்று சுற்றைக் கையால் முடுக்குவது உத்தமம். பிறக்கட் அசையாமல் நின்றதும் நிறுத்துங்கள்.

பீலியின் வெளி விளிம்பு உள் விளிம்பைவிடச் சற்றுத் தாழ்வாக நிற்கட்டும். அடைபட்டு வழிந்தால் தண்ணீர் முற்றத்துக்குப் போகும், பலகைக்கும் சுவருக்கும் போகாது. பலகை ஈரமாகாமல் இருந்தால்தான் ஸ்குரூவுக்கும் ஆயுள்.

சோதனையும் பிறகு பார்க்க வேண்டியதும்

டவுன் பைப் வாயைத் துணியால் அடைத்து, குழாயால் பீலியை நிரப்பிக் கால் மணித்தியாலம் விடுங்கள். கீழே நின்று நூல் கோட்டைப் பாருங்கள். எங்காவது தொய்ந்தால் அந்த இடத்தில் இன்னொரு பிறக்கட் வேண்டும். துணியை எடுத்தபிறகு பீலிக்குள் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. ஸ்குரூ இளகித் தொய்ந்த பீலியில் தேங்குகிற தண்ணீர் டெங்கு நுளம்புக்குப் போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முற்றத்துச் சிரட்டைகளை எல்லாம் கவிழ்த்துப் பார்த்துவிட்டு மேலே பார்க்காமல் போகலாம், நுளம்பு அப்படிப் போகாது.

முதல் மாரி முடிந்து தை, மாசியில் ஒருமுறை ஏறி, ஸ்குரூ தலைகளை விரலால் தொட்டுப் பாருங்கள். கல்வனைஸ் ஸ்குரூவிலிருந்து மண்ணிறக் கோடு கீழே வடிந்திருந்தால் அந்த ஸ்குரூ வேலையை முடித்துவிட்டது; மாற்றுங்கள். தலை வெளியே வந்திருந்தால் திரும்ப முடுக்கிப் பாருங்கள். பிடிக்காமல் சுற்றினால் அதே துளையில் மல்லுக்கட்ட வேண்டாம். தீக்குச்சி செருகி முடுக்குவது ஒரு மாதத்துக்கு ஓடும், அவ்வளவுதான். 10ஆம் நம்பர் இருந்த இடத்தில் 12ஆம் நம்பரை இன்னும் அரை அங்குலம் கூடுதல் நீளத்தில் இறக்கிப் பார்க்கலாம். அதுவும் பிடிக்காவிட்டால் பிறக்கட்டையே இரண்டு அங்குலம் தள்ளி நல்ல மரத்தில் புதிதாகத் துளை போடுங்கள். பழைய துளையைச் சிலிக்கனால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் அதன்வழி இறங்கிப் பலகையை உள்ளிருந்தே உக்க வைக்கும்.